ஒட்டும் வரை ஒழுகலாம்

"வீட்டுக்குள்ள மழை பெய்யுது சார்! தைச்சு அடுக்கின பள்ளிக்கூட உடுப்பெல்லாம் நனையுது. நாளைக்குக் கொடுக்கணும். தலைக்கு மேல போற குழாயில ஒரு விரிசல், அவ்வளவுதான். ஒட்டிவிட ஆள் அனுப்புங்க!"

இதே புகாரை எழுத்துப் பிசகாமல் குடியிருப்பு அலுவலகத்தின் மூன்றாவது மேஜையில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. வீட்டில் அவள் கணவர் ஸ்டூலில் ஏறி, விரிசலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றார். குடியிருப்புக் குழாயைக் குடியிருப்போர் பழுதுபார்ப்பது குற்றம். விரலால் பொத்துவதைப் பற்றி விதி இன்னும் யோசிக்கவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்டுன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒட்டுன்னா ஒட்டுதான் சார்."

"இப்படிப் பேசிப் பேசித்தாம்மா நாடு இந்த லட்சணத்துல இருக்கு."

புது மேலாளர் வந்ததிலிருந்து அலுவலகத்துக்கு வேர்ச்சொல் பைத்தியம். எந்த வினைச்சொல்லையும் அதன் பிறப்பும் பொருளும் தெளியாமல் செயல்படுத்தலாகாது என்று சுற்றறிக்கை. 'திற' இன்னும் முடிவாகாததால் கழிப்பறை பூட்டியே கிடந்தது.

அன்று மாலையே மூவர் குழு நேரடி ஆய்வின் பொருட்டு அவள் வீட்டுக்கு எழுந்தருளி, ஆளுக்கொரு குடை பிடித்துக்கொண்டு அமர்ந்தது.

"'ஒன்று'தான் வேர். ரெண்டு ஒண்ணாகுது பாருங்க," என்றார் தலைவர்.

"தப்பு! மரத்துப் பிசின் கையில பிடிச்சுக்கிட்டப்போ ஆதிமனுஷன் பயந்து போட்ட சத்தம்," என்றார் இரண்டாமவர்.

"அது 'ஐயோ' ஆச்சே!" என்றார் மூன்றாமவர்.

தங்கள் வீட்டு ஒழுகலைச் சொல்ல வந்த அக்கம்பக்கத்தார் வாசலிலேயே இரண்டு கட்சியானார்கள்.

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. "நிறுத்துங்க! பிசினாவது மண்ணாவது! கிழிசலுக்கு ஒட்டுப் போட்டதுலதான் அந்த வார்த்தையே பொறந்திருக்கும். கிழிஞ்ச துணியோட எவன் பிசின் எடுக்க வெளியே போவான்?"

தலைவர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அம்மா, இந்தக் கணம் முதல் தாங்கள் இக்குழுவின் சிறப்பு உறுப்பினர்."

அவள் பேசியதைக் கேட்டு ஒருவர் எழுந்து நின்றது அவள் பிறந்ததிலிருந்து இதுவே முதல் தடவை. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். யாரோ அவள் தலைக்கு மேல் குடை பிடித்தார்கள். நனைந்த குவியலிலிருந்து ஒரு சட்டையை உருவி, ஒட்டுப் போடும் விதத்தை விளக்கத் தொடங்கினாள். பிசின் கட்சி மறுத்தது. அவள் விடவில்லை.

"ஏம்மா," என்றது ஸ்டூல் மேலிருந்து ஒரு குரல். "விரல் மரத்துப்போச்சு. யாராவது வந்து கொஞ்ச நேரம் மாத்திப் பிடிங்களேன்."