பதினேழாம் இலக்கக் காணி

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்குத் திறந்துகொள்ளும். இது தெரிந்துதான், டார்ம்ஸ்டாட்டுக்குப் போகும் ரயிலில் மகள் அபிராமி எனக்கு வகுப்பெடுத்தாள். அவள் கல்யாணம் கட்ட விரும்பும் ஜெர்மன்காரப் பொடியன் யோனாசின் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போகிறேன். சம்பளம் கேட்கக் கூடாது, வயது கேட்கக் கூடாது, பிள்ளைகளுக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். (தலை ஒழுங்காக ஆடும். பிரச்சினை வாயில்தான்.)

யோனாசின் தகப்பன் மெலிந்த, அமைதியான மனிதர். கேக் வெட்டினார், கோப்பி ஊற்றினார், பேசவில்லை. அந்த அமைதியில் வியர்த்துப்போய்ச் சுவரைப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் பெரிய காணி வரைபடம். வீதிகள், இலக்கமிட்ட துண்டுகள், மேலே பழைய எழுத்தில் விற்பனை விளம்பரம். பதினேழாம் துண்டைச் சுற்றி மட்டும் யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் காணிப் படத்தை ஒருவரும் சுவரில் மாட்டுவதில்லை. அது உறுதிப் பத்திரத்தோடு பெட்டிக்குள் கிடக்கும். கல்யாணம் பேசினால்தான் வெளியே வரும். ஆகவே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷன் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, சொத்து விபரத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார். (என்ன நாகரிகமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.)

என் ஆகச் சிறந்த ஜெர்மனில் கேட்டேன்: "அந்தப் பதினேழு யோனாசுக்கா? மற்றத் துண்டுகளும் உங்களுடையவையா?"

மேசைக்குக் கீழே அபிராமி என் காலை மிதித்தாள்.

அவர் கோப்பையை வைத்தார். அது வெறும் மறுபதிப்பு என்றார். பழைய காணி விற்பனைப் படங்களை இப்போது அலங்காரத்துக்காக அச்சடித்துக் கடைகளில் விற்கிறார்களாம். தன்னுடைய பகுதி என்பதால் வாங்கினாராம்.

"பதினேழில் என் தாத்தா வீடு கட்டினார். போரில் எரிந்தது. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. அந்த வீட்டின் நினைவாக எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் திறந்தேதான் இருந்தது.

"நட்டஈடு கிடைத்ததா?" என்றேன்.

திரும்பும் ரயில் பிராங்க்பேர்ட்டைத் தாண்டியது. பிறகு மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, எங்கட வீடு ஷெல் விழுந்து போன கதையை நீங்கள் எனக்கே இன்னும் சொல்லேல்லை. அந்த மனுசன் முதல் நாளே உங்களுக்குச் சொன்னவர். நீங்கள் நட்டஈடு கேக்கிறீங்கள்."

"வீடு போன பிறகு எங்களிட்டையும் எல்லாரும் அதைத்தானே பிள்ளை கேட்டவை. எனக்கு வேற கேள்வி தெரியேல்லை."

மூன்று வாரம் அவள் என் போனை எடுக்கவில்லை. கல்யாணத்தைக் குழப்பிவிட்டேன் என்றே முடிவுகட்டி, அந்த மனிதருக்கு எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். யாருக்கும் சொல்லாததெல்லாம் எழுதினேன். மறுபடி வரச் சொல்லிப் பதில் போட்டார்.

கல்யாணம் நடந்தது. கதையும் பரவியது. இப்போது எங்கள் வீட்டில் கறி கருகினாலும், ரயில் பிந்தினாலும், யாராவது என் பக்கம் திரும்பி, "அக்கா, நட்டஈடு கிடைச்சுதோ?" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்த சம்பந்தி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்ப்பார். நான் அவரைப் பார்க்க மாட்டேன்.