பன்னிரண்டு வார்த்தைகளும் ஓர் இஞ்சி பிஸ்கட்டும்

நகல் இயந்திரத்தின் மூடியைத் திறந்தபோது, யாரோ மறந்துவிட்டுப் போன தாள் ஒன்று கண்ணாடிமேல் குப்புறப் படுத்திருந்தது. டெஸ்மண்ட் லம்ப் அதைத் திருப்பிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

நகலை நகலெடுத்து, அதையும் நகலெடுத்ததுபோல் டைப் எழுத்துகள் மங்கிக் கிடந்தன. ஆனாலும் தலைப்பு தெரிந்தது: ‘தலைவர் திருவாய் மலர்ந்தவை’. அதன்கீழ்ப் பன்னிரண்டு வரிகள். ‘பேசிக்கலி.’ ‘நேர்மையா சொல்லணும்னா.’ ‘மரியாதையோட சொல்றேன்.’ ‘நீங்க சொல்றது எனக்குப் புரியுது, ஆனா.’ ‘நூத்திப்பத்து சதவீதம்.’ இப்படியே போயிற்று. அடியில் மட்டும் பேனாவில், எழுத்தர் கிளெனிஸின் குண்டுக் கையெழுத்து: ‘பன்னிரண்டையும் முதலில் டிக் அடித்தவர், இஞ்சி பிஸ்கட் இருக்கா என்று கேட்கவும்.’

ஹெப்பிள்தார்ப் நகராட்சியின் பூங்காத் துறைக்கு ஒரே ஒரு தலைவர்தான். அவர்தான் இப்போது அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இஞ்சி பிஸ்கட்! திங்கள்தோறும் கூட்டத்தின் நடுவில் யாராவது ஒருவர் முகமெல்லாம் ஒளியாக அதைக் கேட்பார். மற்றவர்கள் முகம் தொங்கிப்போகும். ஆபீஸ் பிள்ளைகளுக்கு இத்தனை ஆசையா என்று மனமுருகி, வருடக்கணக்காகச் சொந்தக் காசில் வாங்கி வந்தவர் அவர். இன்றும் பையில் இரண்டு பாக்கெட் இருந்தன.

அது அவருடைய கடைசித் திங்கட்கிழமை. வெள்ளியன்று ஓய்வு. பூங்காவின் பாண்டு வாத்திய மண்டபத்தில் விடைபெறும் விழா.

அவருக்கு முன் தலைவராக இருந்த கட்வர்த் ஐயாவும் அதே மண்டபத்தில்தான் விடைபெற்றார். இருபத்தைந்து வருடம் ஆகிறது. தூறல்; மண்டபக் கூரை ஒழுகியது. சுரங்கத் தொழிலாளர் பாண்டுக் குழு பாதி சுருதியில் ஊதியது. கட்வர்த் ஐயா ஐம்பது நிமிடம் பேசினார். ஒருவர்கூட நகரவில்லை. முரட்டுத் தோட்டக்காரர்கள் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவருக்குக் குடை பிடித்து நின்ற டெஸ்மண்ட், குடையையே கோணலாகச் சாய்த்து அவரை நனைக்கும் அளவுக்கு அழுதார். நமக்கும் ஒருநாள் இப்படி வாய்க்குமா என்று அன்று முதல் ஓர் ஏக்கம்.

வாய்க்கப்போவது என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் பேசப் பேச, ஆளுக்கொரு பென்சிலோடு டிக் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

“ஒண்ணைக்கூட சொல்ல மாட்டேன்” என்று நகல் இயந்திரத்திடம் சபதம் செய்துவிட்டு, கூட்ட அறைக்குள் நுழைந்தார்.

ஏழு பேர். ஏழு பென்சில்கள். டெஸ்மண்ட் பழக்கத்தில் பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிவிட்டு, உட்கார்ந்து வாயைத் திறந்தார். முதல் வார்த்தை எப்போதும் ‘பேசிக்கலி’தான். அதை விழுங்கியதும் அதன் பின்னால் வரவேண்டியவையும் வழி தெரியாமல் நின்றுவிட்டன. வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

“ஆரம்பிக்கலாம்” என்றார்.

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“குளத்துக்கிட்ட இன்னும் ரெண்டு பெஞ்சு போடலாமான்னு...” என்று தொடங்கினான் காலம் என்ற தோட்டப் பிரிவு இளைஞன்.

வழக்கமாக, ‘நீங்க சொல்றது எனக்குப் புரியுது, ஆனா’ என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசுவார். முடியும்போது பெஞ்சு கிடைத்ததா இல்லையா என்று காலமுக்கே தெரியாது; ஆனால் மனம் நிறைந்திருக்கும்.

“முடியாது” என்றார் டெஸ்மண்ட்.

காலமின் முகம் வெளுத்தது. “நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா, சார்?”

“இல்ல.”

அந்த ஒற்றைச் சொல் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அதைச் சமாளிக்க கிளெனிஸ் அவசரமாக ஒரு வண்ணத் தாளை விரித்தாள். “பாண்டு மண்டபத்துக்கு இந்த ஊதா கலர் அடிச்சா எப்படி இருக்கும்னு பாருங்களேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்.”

‘மரியாதையோட சொல்றேன்’ தொண்டைவரை வந்தது. கடித்து நிறுத்தினார். மரியாதை நின்றுவிட்டது, சொல்ல வந்தது மட்டும் வெளியே குதித்தது.

“அசிங்கமா இருக்கும்.”

கிளெனிஸின் கண்கள் நிரம்பின. ஆறுதலாக ஏதாவது சொல்லியாக வேண்டும். “கிளெனிஸ், நேர்...” என்று ஆரம்பித்தவர், அது பட்டியலில் இரண்டாவது வரி என்று நினைவு வர, அப்படியே நின்றார். வேறு பக்கமாகப் போனார். “நூத்தி...” அதுவும் கூடாது. வாய் பாதி திறந்தபடி, முகம் சிவந்து, கை காற்றில் நின்றது.

“ஐயோ, பக்கவாதம்!” என்று கத்தினாள் கிளெனிஸ்.

காலம் பாய்ந்து வந்து அவருடைய டையைத் தளர்த்தினான். ஒருவர் ஜன்னலைத் திறந்தார். மழை உள்ளே வந்தது. இன்னொருவர் அவருடைய மனைவி மோரீனுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

“ஒரே வார்த்தையில பதில் சொல்றாரா?” என்றது மோரீனின் குரல். “நிஜமாவா?”

“ஆமா, மிஸஸ் லம்ப். டாக்டரைக் கூப்பிடட்டுமா?”

“யாரும் எதையும் தொடாதீங்க! அப்படியே வீட்டுக்கு அனுப்பி வைங்க.”

“எனக்கு ஒண்ணுமில்ல!” என்று அதட்டினார் டெஸ்மண்ட். இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “கூட்டம் முடிஞ்சுது. போங்க.”

மணி பத்தைத் தாண்டிப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. திங்கள் கூட்டம் மதியத்துக்கு முன் முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. எழுந்தவர்களுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

“இஞ்சி பிஸ்கட்கூட யாருக்கும் வேணாமா?” என்று வாசலில் காலம் மெல்லக் கேட்டது அவர் காதில் விழுந்தது. ஏதோ இழவு வீட்டில் பேசுவதுபோல் கேட்டான்.

அறை காலியானது. தட்டில் பிஸ்கட் அடுக்கு கலையாமல் இருந்தது. இந்த அலுவலகத்துக்கு நான் கொடுத்தது என்ன என்று யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு வரிகள். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ‘முடியாது’, ‘அசிங்கம்’, ‘போங்க’.

சக்கரம் கிறீச்சிட, தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு டோரீன் வந்தாள். டெஸ்மண்ட் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோதே அவள் அந்த வண்டியோடு இருந்தாள். இன்றுவரை அவரைப் பெயர் சொல்லி அதட்டும் உரிமை அவளுக்கு மட்டும்தான்.

“என்ன டெஸ்மண்ட், வெளிய எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு நிக்கிறாங்க? யாரைக் கடிச்சே?”

அவர் தாளை நீட்டினார். “கட்வர்த் ஐயாவுக்காக நாங்க எல்லாம் எப்படி அழுதோம், டோரீன். நான் போறப்போ இவங்க சிரிக்கப்போறாங்க. இதோ, பட்டியல் போட்டு வச்சிருக்காங்க பாரு.”

டோரீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு, சிரித்த கண்ணை ஏப்ரன் நுனியால் துடைத்துக்கொண்டாள்.

“அட, இது இன்னுமா ஓடுது! கட்வர்த் ஐயா பேச்சைக் கிண்டலடிச்சு, ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சு உக்காந்து நீயே டைப் அடிச்ச தாள்தானே கண்ணு இது, மறந்துட்டியா; உனக்காக இவங்க இதுல ஒரு வார்த்தையைக்கூட மாத்த வேண்டி வரலை, பாரேன்!”