பத்தரை அங்குலக் குச்சிக்கு ஒரு பிராது

விருத்தாசலம்,
ஆவணி 18, புதன்கிழமை.

அன்புள்ள பேத்தி கயல்விழிக்கு உன் ஆயா ஆராயி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நீ நலமா என்று கேட்கவில்லை. பொறுப்பை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போனவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். போனில் சொல்லலாம் என்றால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

தை மாதம் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, செருப்பை மாட்டிக்கொண்டே நீ சொன்னது எனக்கு ஒரு எழுத்தும் மறக்கவில்லை. "ஆயா, லீக்க நீ ஒண்ணும் நடத்த வேணாம். மாடிக் கதவத் தொறந்து வுடு, முடிஞ்சதும் மூடு, அவ்ளோதான்." நானும் நம்பினேன். நாலு டேபிளில் பீங்கான் சிப்பாய்களை நிறுத்தி, அங்குலம் அங்குலமாக அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சுட்டுக்கொள்கிற ஆட்டத்துக்குக் கதவு திறக்க ஒரு கிழவி போதும் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை வருகிறவர்கள் சும்மா பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் கப்புக்கு விளையாடுகிறவர்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்தாயே, அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் என்னை உட்காரவைத்தாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. சிப்பாய்க்குக் கை உடைந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். கை உடைந்தவன் துப்பாக்கி சுட முடியாது என்கிறான் செல்போன் கடை பிரபாகரன், அவன் இடதுகைக்காரன், சுடுவான் என்கிறாள் நர்ஸ் வாசுகி, நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மூச்சு வாங்க மாடிக்கு ஏறி அந்தச் சிப்பாய் எந்தக் கைக்காரன் என்று பார்க்க வேண்டும். பகடை பீரோவுக்கு அடியில் போனால் என்ன விழுந்தது என்று என்னைக் கேட்கிறார்கள். போன மாசம் யார் எந்த மலை மேல் நின்றார்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது என் குற்றமா சொல்லு. இவர்கள் நோட்டில் எழுதுவதையே விட்டுவிட்டார்கள், ஆயா இருக்குது என்று.

இதிலே தர்மராஜ் வேறு. நம் தெருக்கோடியில் இருக்கிறவன், செராமிக் யூனிட்டில் முப்பது வருசமாக வேலை பார்க்கிறவன், உங்கள் சிப்பாய்களை எல்லாம் அச்சில் ஊற்றிச் சுட்டுக் கொடுக்கிறவன், அவனே கப்புக் கூட்டத்தில் சேர்ந்தும் விளையாடுகிறான். அவனை வீட்டுக்குள் விடும்போதே எனக்கு மனசில்லை. உன் காதுகுத்து அன்று முதல் பந்தியில் உட்கார்ந்து, உன் அம்மா வீட்டுச் சனம் அத்தனை பேர் கேட்க, "சாம்பாருல உப்பு போட மறந்துட்டாங்களா, இல்ல சிக்கனமா" என்று கேட்டவன் அவன். இருபத்தோரு வருசம் ஆகிறது. சாம்பார் செய்தது நான். உப்பு இருந்தது.

ஆனி மாதம் முதல் சனிக்கிழமை அவன் ஒரு கட்டு பீங்கான் குச்சி கொண்டுவந்தான். கப்புக்காரர்களிடம் ஸ்டீல் டேப் இருக்கிறது, சனிக்கிழமைக்காரர்களிடம் அளக்க எதுவும் இல்லை, அதனால் அவனே பன்னிரண்டு அங்குலக் குச்சி செய்து, கோடு போட்டு, நீலக் கிளேஸ் பூசிச் சுட்டு, இனாமாகக் கொடுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். பதினோரு வாரம் அதை வைத்துத்தான் அளந்தார்கள். சனிக்கிழமை ஆட்டம் ரொம்ப சாந்தமாக நடந்தது, ஒருத்தர் படை இன்னொருத்தர் படையைப் போய்ச் சேரவே நேரம் பத்தாது, சிரித்துப் பேசிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

போன ஞாயிறு, சீசன் கடைசியில் இரண்டு கூட்டமும் மோத வேண்டும் என்று நீ போட்ட சட்டப்படி, சனிக்கிழமைக் கூட்டத்து வாசுகிக்கும் கப்புக் கூட்டத்துப் பிரபாகரனுக்கும் ஆட்டம். பீரங்கிக் குண்டு யாருடையதானாலும் பன்னிரண்டு அங்குலம்தான் போகும். வாசுகி தன் பீரங்கியில் இருந்து குச்சியை வைத்து அளந்தாள், அவன் குதிரைக்கு எட்டவில்லை. அடுத்து அவன், அந்தக் குதிரை பக்கத்திலேயே நிற்கிற அவன் பீரங்கியில் இருந்து டேப்பை நீட்டினான், அவளுடைய பீரங்கிக்கு எட்டிவிட்டது. போய் வரப் பாதை ஒன்றுதானே. அவள் குச்சியை டேப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பன்னிரண்டு என்று கோடு போட்ட இடத்தில் டேப் பத்தரை காட்டியது.

"மண்ணு சுட்டா சுருங்குங்க" என்றான் தர்மராஜ். ஈர மண்ணில் ஸ்கேலை வைத்து அப்படியே கோடு கிழித்தானாம். யூனிட்டில் சுருங்குகிற அளவையும் சேர்த்து அச்சே பெரிசாக வந்துவிடுமாம், இவன் ஊற்றுவதோடு சரியாம், அதனால் யோசிக்கவில்லையாம்.

"முப்பது வருசமா சூளைகிட்ட நிக்கிறவருக்கு மண்ணு சுருங்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் வாசுகி. "கப்புக்காரங்க ஜெயிக்கணும்னு தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க."

பிரபாகரன் சும்மா இருந்திருக்கலாம். "சும்மா வெளாடுறவங்களுக்கு எத்தினி அங்குலமா இருந்தா என்னக்கா" என்றான். அதோடு முடிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமைக்காரர்கள் பதினாலு பேரும் தங்கள் இரண்டு டேபிளைத் தூக்கிக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போகிறார்களாம். அங்கே ஒரு கடை மாடி காலியாக இருக்கிறதாம். பாதி போனால் மீதி நிற்காது, எனக்குத் தெரியும், அடுத்த மாசம் பிரபாகரனும் தன் கடையிலேயே டேபிள் போட்டுக்கொள்வான். நீ மூணு வருசமாக ஆள் சேர்த்த லீக் ஞாயிற்றுக்கிழமையோடு சரி.

அதோடு விட்டார்களா. திங்கட்கிழமை வாசுகியும் நாலு பேரும் மணவாளநல்லூர் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். நிலத் தகராறுக்கும் திருட்டுக்கும் சாமிகிட்டே பிராது கொடுப்பார்கள், பொம்மைச் சிப்பாய்க்காகக் கொடுத்தது இவர்கள்தான். தர்மராஜ் பெயரைப் போடவில்லையாம், மரியாதைக்காக. "குச்சி குட்டை என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் யாராக இருந்தாலும் சாமி பார்த்துக்கொள்ளட்டும்" என்று எழுதினாளாம். விபூதி கொடுக்க வந்தபோது என்னிடமே சொன்னாள். பெயர் போட்டே எழுதியிருக்கலாம்.

எனக்கு அசதியாக இருக்கிறது கயலு. இரண்டு கூட்டமும் தனித்தனியாக வந்து, ஆயா நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேட்டுக்கறோம் என்று உட்கார்ந்துகொள்கிறார்கள். எனக்கு என்னடி தெரியும், நான் கதவு திறக்கிறவள். லீவு போட்டுவிட்டு சனிக்கிழமையே வந்து சேர். சாவியை உன் கையில் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. பிறகு மாடியை வாடகைக்கு விடு, வற்றல் காயப்போடு, எனக்குக் கவலையில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. சாமி உனக்கு என்னைவிட நல்ல முழங்காலைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் ஆயா
ஆராயி

பி.கு.: நீ வர வேண்டாம். குச்சி வந்த அன்றைக்கே, அதிலே ஒன்றை எடுத்து அளந்து தலையணை உறைக்குத் துணி வெட்டினேன். தலையணை உள்ளே போகவில்லை. டெய்லர் டேப்பை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் தர்மராஜ் கமுக்கமாக மாற்றிக் கொடுத்துவிடுவான், நாலு பேர் முன்னால் வெளியே வரட்டும் என்று பதினோரு வாரம் வாயைத் திறக்கவில்லை. லீக் இரண்டாகும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று மாடிப்படியில் கால் பிசகி வீங்கிவிட்டது. சாமி முகவரி தப்பாமல் வந்துவிட்டார். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்காரவைத்து நானே சொல்லிவிட்டு, வாசுகியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிராதை வாபஸ் வாங்கப் போகிறேன். திட்டுவார்கள், திட்டட்டும். ஆனால் அந்தத் தர்மராஜ் தெரிந்து செய்யவில்லை, நல்லவன் என்று என் வாயாலேயே சாட்சி சொல்ல வேண்டும் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.