ஏரிக்கரையில் ஒரு ரெட் டேக்

சுட்டிக்காட்டுநர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. அருகிவரும் இனம் என்று யாரும் கவலைப்பட வேண்டாம், நன்றாகவே பெருகிவருகிறது. குழாய் ஒழுகினால் முதலில் பார்ப்பவர் அவர்தான். சாக்கடை மூடி உடைந்தால், மின்கம்பம் சாய்ந்தால், பள்ளிக்கூடச் சுவரில் விரிசல் விட்டால் அவர் கண்ணுக்குத் தப்பாது. நிற்பார், குனிவார், போனை எடுத்து நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றும் படம் பிடிப்பார், குறையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போடுவார், போனில் உள்ள எல்லாக் குழுக்களுக்கும் அனுப்புவார், பிறகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிப்பார். காபி சுகமாக இறங்கும். ஏன் இறங்காது? அவர் கடமைதான் முடிந்துவிட்டதே!

இந்த இனத்தில் முதல் தரமான ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் ஜூஜுவாடியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் வாருங்கள். பசவன் ஏரிக்கு நேர் கீழே ஒரு லேஅவுட் இருக்கிறது. அங்கே நல்லுசாமி வீடு எது என்று கேளுங்கள். துறையூர்ப் பக்கத்துக்காரர், இருபது வருடத்துக்கு முன் ஓசூருக்கு வேலை தேடி வந்தவர், வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். ஏரிக்கரையிலிருந்து முந்நூறு அடியில் கடன் உடன் வாங்கி மாடிவீடு கட்டியிருக்கிறார். கரைக்கு ஏதாவது ஆனால் தண்ணீர் முதலில் விசாரிக்கப் போவது அவர் வீட்டைத்தான்.

ஆகவே தினமும் காலையில் கரைமேல் நடப்பார். கண் என்றால் கண், அப்படி ஒரு கண்! மதகைத் தூக்கும் திருகில் துரு ஏறியிருக்கிறது என்று போன வருடமே சொன்னவர் அவர். கரை நடுவில் வேப்பங்கன்று வேர் விடுகிறது என்றார். நண்டு வளை பதினாலு என்று எண்ணிச் சொன்னார். எதுவும் தப்பில்லை. அத்தனையும் நிஜம். துரு இன்னும் இருக்கிறது, வேம்பு இப்போது அவர் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது, நண்டுகளும் குடும்பத்தோடு சௌக்கியம்.

"ஒரு சொட்டு எண்ணெயை நீங்களே கொண்டுபோய் விடலாமில்ல?" என்று அவர் மனைவி தங்கமணி ஒரு நாள் கேட்டாள்.

"அது மெயின்டனன்ஸ் வேலை. நான் குவாலிட்டி" என்றார் நல்லுசாமி. இருபது வருட சர்வீஸ் பேசியது.

இந்த ஐப்பசியில் மழை பின்னியெடுத்தது. பல வருடமாகப் பாதிக்கு மேல் ஏறாத பசவன் ஏரி தளும்பி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரையின் வெளிப்புற அடிவாரத்தில் கட்டைவிரல் பருமனில் தண்ணீர் ஊறி வருவதை நல்லுசாமி கண்டார். மனிதர் உண்மையிலேயே பயந்துவிட்டார், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பயந்தால் என்ன செய்வது? பழகியதைத்தானே செய்ய முடியும்? படம் பிடித்தார், வட்டம் போட்டார், அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. பைக்கின் பெட்டியில் கிடந்த கம்பெனி ரெட் டேக் ஒன்றை எடுத்து, 'குறை: நீர்க்கசிவு. கண்டறிந்தவர்: நல்லுசாமி' என்று எழுதி, தேதி போட்டு, ஒரு குச்சியில் கட்டி, கசிவுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டார்.

ரெட் டேக் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழுதான சாமானைக் கண்டால் பரிசோதகர் அதில் இந்தச் சிவப்பு அட்டையைக் கட்டுவார். கட்டியவரே கையெழுத்துப் போட்டுக் கழற்றும் வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் மெமோ. ஓசூர்ச் சுற்றுவட்டாரத்தில் கம்பெனி கேட்டுக்குள் ஒரு முறை போய்வந்த எவரும் இதை மறக்க மாட்டார்கள்.

அதுதான் வினையாயிற்று. அன்று சாயங்காலமே அஜித்குமார் என்ற பையன் கூட்டாளிகள் நாலு பேரோடு மணல் மூட்டையும் ஜல்லியும் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தான். அவன் அம்மா நாராயணம்மா, கரைக்கு அடியில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கொத்தமல்லி போட்டிருப்பவள். ஐந்து பேருமே கம்பெனித் தொழிலாளிகள். வந்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், நின்றுவிட்டார்கள்.

"டேய், டேக் போட்டிருக்குடா."

"நம்ம நல்லுசாமி சாருது. அவரு கிளியர் பண்ணாம தொட்டா அவ்ளோதான்."

மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். மறுநாள் காலை நல்லுசாமி வந்து பார்த்தார். கசிவு அப்படியே இருந்தது. 'இரண்டாம் நாள். இதுவரை நடவடிக்கை இல்லை' என்று குழுவில் போட்டார். கிடந்த மூட்டைகளையும் விடவில்லை. 'கரையோரம் மணல் மூட்டைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன' என்று அதற்கும் ஒரு படம். செவ்வாய்க்கிழமை, 'மூன்றாம் நாள்'. இந்த ஊர் மனிதர்களுக்குப் பொறுப்பே கிடையாது என்று அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடி தங்கமணியிடம் மிகவும் வருத்தப்பட்டார்.

புதன்கிழமை காலை நாராயணம்மா அவரை வழியில் மறித்தாள்.

"சாரு, தண்ணி நெறம் மாறிப்போச்சு, பாருங்க. நேத்து வரைக்கும் தெளிவா வந்துச்சு. இன்னிக்கு செம்மண்ணா வருது."

நல்லுசாமி குனிந்து பார்த்தார். நிஜந்தான். பேனாவை எடுத்து அட்டையில் 'நிறமாற்றம் உள்ளது' என்று சேர்த்தார்.

"எழுதறீங்களே, என்னா செய்யப் போறீங்க?"

"எல்லாம் குரூப்புல அப்டேட் பண்ணியாச்சும்மா."

"அந்த குரூப்புல யாரு மம்பட்டி எடுத்துனு வராங்க?"

நல்ல கேள்வி. நல்லுசாமி பேனாவை மூடும்போதே நைட் ஷிப்ட் முடிந்து அஜித்குமார் பைக்கில் வந்து இறங்கினான். ஏன் இன்னும் மூட்டை போடவில்லை என்று அம்மா அவன் மேல் பாய்ந்தாள்.

"சாரு டேக்கை எடுக்கலையேம்மா!" என்றான் அவன். "நாங்க ஞாயித்துக்கிழமையே வந்துட்டோம் சார். நீங்க கிளியர் பண்ணுவீங்கன்னு காத்துனு இருக்கறோம்."

நல்லுசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்று நாளாக ஊரே வரவில்லை என்று ஊரைத் திட்டிக்கொண்டிருந்தார்; ஊரோ மூன்று நாளாக அவருக்காகக் காத்திருந்தது. சரி, இப்போதாவது பிடுங்கிப் போட வேண்டியதுதானே என்பீர்கள். அவர் கையும் குச்சி வரைக்கும் போனது. அங்கே நின்றுவிட்டது.

"குறையைச் சரி பண்ணினப்புறம்தான்பா டேக்கை எடுக்கணும்" என்றார் ஈனசுரத்தில்.

"டேக்கை எடுத்தாத்தானே சார் சரி பண்ண முடியும்?"

இரண்டு பேரும் நியாயமாகத்தான் பேசினார்கள். செம்மண் தண்ணீர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

கம்பெனி கேட்டையே பார்த்திராத நாராயணம்மா குச்சியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். "ஒரேய், ஓட்டையை அடைக்காதீங்க! அடைச்சா வேற எடத்துல பிச்சிக்கும். மணலு, அதுமேல ஜல்லி, அதுமேல மூட்டை. தண்ணி போவட்டும், மண்ணு போவக் கூடாது. ரா ரா!" என்று தெலுங்கும் தமிழுமாக மகனை விரட்டினாள். அவனும் கூட்டாளிகளுக்குப் போன் போட்டுவிட்டு பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டான்.

ஆனால் அது மட்டும் போதாது. ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது, மதகைத் திறந்து தண்ணீரை இறக்கியே ஆக வேண்டும். திறந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பழைய வாய்க்கால் லேஅவுட்டின் முப்பதடி ரோட்டுக்கு அடியில் படுத்திருக்கிறது. கீழே ஓடைக்குப் போக மிச்சமிருக்கும் ஒரே வழி நாராயணம்மாவின் அரை ஏக்கர்தான். சனிக்கிழமை அறுத்து ஓசூர்ச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய கொத்தமல்லி, முழங்கால் உயரத்தில் கமகமவென்று நின்றது.

மதகுத் திருகின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் அந்தப் பச்சையை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் வரிசையாக நிற்கும் மாடிவீடுகளைப் பார்த்தாள். மொட்டை மாடியில் தங்கமணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் இருந்தா ஊத்துடா, துரு புடிச்சிருக்குது" என்றாள் மகனிடம்.

பைக்கிலிருந்த எண்ணெயை ஊற்றி, அம்மாவும் மகனும் தொங்கித் திருகி, ஒரு மணி நேரத்தில் மதகைத் திறந்தார்கள். கூட்டாளிகள் வந்து மூட்டைகளை அடுக்கினார்கள். நல்லுசாமியும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு மூட்டை கோணலாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

சாயங்காலத்துக்குள் ஏரி இரண்டடி இறங்கிற்று. கசிவு மெலிந்து தெளிவாக வந்தது. கரை பிழைத்துக்கொண்டது. லேஅவுட்டில் ஒரு வீட்டு வாசலும் நனையவில்லை. அரை ஏக்கரில் கலங்கல் தண்ணீர் நின்றது, நடுவில் அங்கங்கே பச்சைத் துணுக்குகள் மிதந்தன. நாராயணம்மா வரப்பில் உட்கார்ந்து கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நல்லுசாமி அவளைப் பார்த்தார். தன் வீடு நிற்கிறது, இவள் வெள்ளாமை போய்விட்டது என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஏதாவது செய்ய வேண்டும், இப்போதே செய்ய வேண்டும் என்று துடித்தார். கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. போனை எடுத்தார். நேராக ஒன்று, சாய்வாக ஒன்று. 'ஏழைப் பெண்ணின் தியாகம். யாராவது உதவ வேண்டும்' என்று எழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டு, மனம் லேசாகி வீட்டுக்குப் போனார்.

அந்தப் படத்துக்குக் கீழே ராத்திரிக்குள் அறுபத்தோரு கும்பிடுகள் வந்து சேர்ந்தன. அந்த அரை ஏக்கரை நேரில் வந்து எட்டிப்பார்த்தவர் எவருமில்லை. நல்லுசாமியை நினைத்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், சந்தோஷம். எதற்கும் உங்கள் போனை ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்த அறுபத்தொன்றில் உங்களுடையது எத்தனையாவது?