மழை பெய்தால் மட்டும்

எண்டரைத் தட்டிவிட்டு டெபோரா டீச்சர் டீத் தம்ளரைக் கையில் எடுத்தாள். ஒரு மடக்குக்கூட உள்ளே இறங்கவில்லை; கைப்பேசி கிணுங்கியது.

'கனமழை காரணமாக இன்று பள்ளிக்கு விடுமுறை. பிள்ளைகளை உடனே அழைத்துச் செல்லவும்.'

சன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மணி பத்தரை. நானூறு பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள்.

டெபோரா கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், "கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று சொல்லி, தலைமையாசிரியை ஞானபூரணம் அந்த வகுப்பையும் இவள் தலையில் கட்டிவிட்டார். மழை பெய்தால் பெற்றோருக்குத் தானாகச் செய்தி போகும்படி ஒரு புரோகிராம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்று வாரமாகப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத்தான் எழுதுகிறாள். மகனும் இதே பள்ளி என்பதால் பெற்றோர் பட்டியலில் அவளும் உண்டு.

தென்காசியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த ஞானபூரணம் போனில் வந்தார்.

"என்ன டீச்சர் பண்ணி வச்சிருக்கீங்க? அதுக்குள்ள எனக்கு முப்பது போன் வந்துட்டு!"

"மழை பெஞ்சாத்தான் போகணும்னு எழுதுனேன் மேடம்."

"அங்கன மழை பெய்யுதா?"

"இல்ல மேடம்."

"பொறவு?"

போனை வைத்ததும் டெபோரா திரையைப் படம் பிடித்து, சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தங்கை எஸ்லினுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, எங்க தப்பு?"

"மழைவந்தால்னு ஒரு வேலைக்குப் பேரு வச்சு ஃபங்ஷன் எழுதிருக்க. அதுக்குள்ள லீவுங்கிற ஃபங்ஷனக் குடுத்துருக்க. சரிதான். ஆனா லீவு பக்கத்துல எதுக்குக்கா அடைப்புக்குறி?"

"ஃபங்ஷன்னா அடைப்புக்குறி போடணும்னுதானட்டி புத்தகத்துல இருக்கு?"

"கூப்பிடும்போது போடணும். இங்க நீ கூப்பிடல, கையில குடுக்க. கல்யாண வீட்டுல சமையக்காரர் நம்பர மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட குடுக்கோம்லா? தேவைப்படும்போது அவங்க கூப்பிட்டுக்கிடுவாங்க. அடைப்புக்குறி போட்டேன்னா, அப்பவே அடுப்பப் பத்தவைன்னு சொன்ன மாதிரி. முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாலயே சோறு வெந்துரும். சரிக்கா, மீட்டிங்குக்குக் கூப்பிடுதாங்க."

புரிந்தது மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அதற்குள் வாசலில் பைக்குகளும் ஆட்டோக்களும் சேர்ந்துவிட்டன. முதலில் மறுப்புச் செய்தியைத் தயார் செய்வோம், மேடம் சரி என்றதும் போகட்டும் என்று 'லீவுஇல்லை' என இன்னொரு ஃபங்ஷன் எழுதினாள். பழகிய கை அடைப்புக்குறியையும் போட்டு எண்டரையும் தட்டிவிட்டது. திரையில் சிவப்பு எழுத்தில் என்னவோ வந்தது. மூன்று வாரமாக வருவதுதான், அவள் கண்டுகொள்ளவில்லை.

கைப்பேசி கிணுங்கியது. 'மன்னிக்கவும். இன்று விடுமுறை இல்லை.'

பத்து நிமிடத்தில், டிவிஎஸ்ஸில் தன் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு முருகம்மாள் வந்து இறங்கினாள்.

"ஏ டீச்சர், களையெடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடியாந்து பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கூரு கரிவலத்துக்குப் பாதி தூரம் போயிட்டேன். இப்ப லீவு இல்லைங்கீக. நான் என்ன பம்பரமா?"

மறுபடி போனில் ஞானபூரணம். இப்போது குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "என்ன தப்புன்னு விளக்கம் எழுதி என் மேசையில வைங்க, டீச்சர்."

பத்தொன்பது வருட வேலையில் இதுதான் அவள் எழுதும் முதல் விளக்கக் கடிதம். 'தேவையற்ற இடத்தில் அடைப்புக்குறி இட்டது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆபீஸ் கிளார்க் இசக்கித்துரை அதை வாங்கி ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

"அடைப்புக்குறிக்கெல்லாமா விளக்கம் கேக்காவ?" என்று பரிதாபப்பட்டுக்கொண்டே முத்திரை குத்தினார்.

சாப்பாட்டு நேரத்தில் எஸ்லின் கூப்பிட்டாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, டெபோரா இரண்டு இடத்திலும் அடைப்புக்குறியை எடுத்தாள். பெயர் மட்டும் தனியாக நின்றது. எண்டர்.

"ஒண்ணுமே வரலியேட்டி."

"அதான்க்கா சரி. பேர வாங்கி வச்சுக்கிட்டு சும்மா இருக்கு. மழை வந்தாத்தான் கூப்பிடும்."

அந்த நொடியில் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. வேலையைச் செய்வது வேறு, செய்யவேண்டிய வேலையை ஒருவர் கையில் கொடுத்துவைப்பது வேறு. மூன்று வாரத்தில் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

கைப்பேசி கிணுங்கியது.

'பள்ளிக்கு மீண்டும் விடுமுறை. பிள்ளைகளை அழைத்துச் செல்லவும்.'

டப்பாவை மூடினாள். அழக்கூடத் தெம்பில்லை. வாசல் பக்கம் முருகம்மாளின் டிவிஎஸ் சத்தம் திரும்பவும் கேட்டது. டெபோரா கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கப் போனாள்.

"அத எதுக்குப் பிடுங்குதிய?" இசக்கித்துரை விளக்கக் கடிதத்தோடு கதவோரம் நின்றார். "நெட் வயர எலி கடிச்சு மூணு வாரமாச்சு. அதுலருந்து ஒரு எழுத்துகூட வெளிய போகாது டீச்சர்."

"அப்போ இந்த மெசேஜெல்லாம்?"

"டெபோரா டீச்சர் புரோகிராம நம்பாத, நீயே ஆபீஸ் போன்லருந்து அனுப்பிருன்னு பெரிய டீச்சர் காலைல தென்காசிலருந்து போன்ல சொன்னாவ. மழை பெஞ்சா லீவுன்னு. பொறவு, டீச்சர் சரிபண்ணுனா லீவு இல்லைன்னு. இப்ப, பாதிப் பிள்ளைக போயிருந்தா மறுபடி லீவுன்னு."

"மழையே பெய்யலியே அண்ணாச்சி!"

"பெஞ்ச பொறவு மறந்துருவேன்லா டீச்சர், அதான் அவுக சொன்ன ஒடனேயே அனுப்பிட்டேன்."