பூசணிக்காயும் ரூடியின் வலது கையும்

யாரும் கூப்பிடாமலே உதவிக்குப் போகிறவனைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. திருடனாவது கதவைச் சாத்தினால் போய்விடுவான். இவன் ஜன்னல் வழியாக வந்து உதவி செய்வான். நான் ஜன்னல் வழியாக வந்த ரகம். ஜெர்மனியில் ஒரு ஊரே அதற்குச் சாட்சி.

அறுபதுகளின் கடைசியில், நூற்பு இயந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்காகக் கோயமுத்தூரிலிருந்து போயிருந்தேன். பிராங்பேர்ட்டிலிருந்து கொஞ்ச நேர ரயில் பயணம். ஊரில் இருந்தது ஒரு தொழிற்சாலை, ஒரு தேவாலயம், ஒரு கால்பந்துக் குழு. பெரிய நகரத்துக் குழுக்கள் எங்கள் குழுவை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளும். அப்பேர்ப்பட்ட குழு முந்தைய வருஷம் உள்நாட்டுக் கோப்பையை எப்படியோ ஜெயித்துத் தொலைத்ததால், ஐரோப்பியக் கோப்பைக்கு ஆடப் போகவேண்டியதாகிவிட்டது.

ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் தொழிற்சாலையில்தான் வேலை. கோல்கீப்பர் ரூடி என் பக்கத்து லேத்தில் நிற்பான். கை ஒவ்வொன்றும் தோசைக்கல் அகலம். குழு என்றால் ரூடி, ரூடி என்றால் குழு. மாற்றுக் கோல்கீப்பராக ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். அவர் பந்து வந்தால் மரியாதையாக விலகி வழிவிடுவார்.

அந்த ஊரில் எனக்குப் பெயரே கிடையாது. 'அந்த இந்தியன்', அவ்வளவுதான். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து உருளைக்கிழங்கின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேச்சுத்துணைக்கு இருந்தது வரைபடப் பிரிவில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துச் சிவா அண்ணை ஒருவர்தான். அவருக்கும் என்னைக் கண்டால் பாதி நாள் பிடிக்காது.

முதல் சுற்றுக்குக் குழு கிளம்பிய அன்று, தொழிற்சாலை வாசலில் பஸ் நின்றது. புத்தம்புது பஸ். ஒரு எலுமிச்சம்பழம்கூட வைக்காமல் எடுக்கப் பார்க்கிறார்கள்! கோயமுத்தூர்க்காரன் கண் முன்னால் இது நடக்கலாமா? சாதத்துக்குப் பிழிய வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை ஓடிப்போய் எடுத்துவந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். டிரைவர் ஓட்டோ, மீசை வைத்த பெரிய மனுஷர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"நல்லதுக்குத்தாங்க. ஏத்தி நசுக்கிட்டுப் போங்க."

நசுக்கிக்கொண்டு போனார். குழு ஜெயித்தது.

அடுத்த சுற்றுக்கு நான் வந்து எலுமிச்சம்பழம் வைக்கும்வரை ஓட்டோ இன்ஜினைக் கிளப்பவில்லை. அதிலும் ஜெயம். அதற்கடுத்ததிலும் ஜெயம். (ஆடியது என்னவோ அவர்கள்தான். ஆனால் அந்த வயதில் எனக்கு அது தெரியாது.) கேன்டீன் அம்மாள் என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். எங்கள் மைஸ்டர், மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள், என் பெயரைக் கேட்டு, சொல்லிப் பார்த்து, தோற்று, 'எலுமிச்சை' என்றே கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

அரையிறுதி வந்தது. எதிரி, பக்கத்து நாட்டின் மகா பெரிய குழு. எங்கள் ஊரில் நடந்த முதல் ஆட்டம் சமன். அடுத்தது அவர்கள் ஊரில். ஜெயித்தால் இறுதிப் போட்டி, தோற்றால் நான் மறுபடியும் 'அந்த இந்தியன்'. இவ்வளவு பெரிய எதிரிக்கு எலுமிச்சம்பழம் எம்மாத்திரம்? பூசணிக்காய்தான் உடைக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன்.

சிவா அண்ணையிடம் சொன்னேன். "தம்பி, உமக்கு விசரே, பைத்தியமே?" என்றார். "இது பங்குனி, சித்திரை மாதம். இந்த நாட்டிலை இப்ப பூசணிக்காய் எடுக்க ஏலாது. எடுத்தாலும் உடைக்காதேயும். என்னை வாசல்லை கண்டால் தெரிஞ்ச ஆள் எண்டு காட்டிப்போடாதேயும், சொல்லிப்போட்டன்."

எடுக்க முடியாது என்று சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியுமா? சந்தை முழுக்க அலைந்தேன். தோட்டக்காரர் வீடுகளின் கதவைத் தட்டினேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. அடுத்த வீட்டிலும் தட்டினேன். கடைசியில் நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாளே, போன இலையுதிர் காலத்தில் நிலவறையில் வைத்த ஒன்று கிடக்கிறது என்றாள். ஆரஞ்சு நிறம், தண்ணீர்க் குடம் அளவு. "சூப்புக்கு வைச்சது. கோப்பைக்குன்னா எடுத்துக்கோ" என்று தூக்கிக் கொடுத்தாள்.

குங்குமம் இல்லை. மேலே துளை போட்டு, கடையில் விற்கும் சிவப்பு மிளகாய்த்தூளைக் கொட்டினேன். கற்பூரம் இல்லை. மெழுகுவர்த்தித் துண்டை நட்டேன். மனசு சுத்தமாக இருந்தால் போதாதா?

கிளம்பும் நாள் காலை வாசலில் ஊரே திரண்டிருந்தது. தொழிற்சாலை பேண்டு முழங்கியது. நான் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வந்தேன். மெழுகுவர்த்தி காற்றில் அணைந்தது. (அதுதான் எச்சரிக்கை. யார் கவனித்தது?) பஸ்ஸுக்கு முன்னால் நின்று, தலைக்கு மேலே தூக்கி, ஓங்கி அடித்தேன்.

நம்மூரில் பூசணிக்காய் உடைத்தால் கௌரவமாக நாலு துண்டாகும். இது குளிர்காலம் முழுக்க நிலவறையில் கிடந்து உள்ளே கூழாகியிருந்தது. வெடித்தது. கல் பாவிய தெருவெங்கும் வழவழவென்று பரவியது. மிளகாய்த்தூள் பறந்து, வழியனுப்ப வந்திருந்த மேயரின் மூக்கில் ஏறியது. அவர் தும்ம ஆரம்பித்தார்.

ரூடிக்கு எப்போதும் கடைசி ஆளாகப் பஸ் ஏறுவது பழக்கம். மனைவிக்கு முத்தம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குக் கையசைத்தபடி ஓடி வந்தான். பூசணிக்காய் மேல் கால் வைத்தான்.

அவ்வளவு பெரிய மனுஷனின் இரண்டு காலும் ஆகாயத்தில் போனதை அன்றுதான் பார்த்தேன். வலது கையை ஊன்றி விழுந்தான். பேண்டு நின்றது. பின்னால் நின்ற பெரிய குழல்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியாததால் அவர் பூம் பூம் என்று ஊதிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி நின்ற சிவா அண்ணை வானத்தைப் பார்த்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

மருத்துவர் ஓடிவந்து பார்த்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு சுளுக்கு. அதற்குள் கை இட்லிமாவு போலப் பொங்கிவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார் முகம் வெளுத்தது. ஓட்டோ கீழே இறங்கி, மீசை துடிக்க என்னை நோக்கி நடந்தார். கூட்டமும் நடந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

ரூடி எழுந்து உட்கார்ந்தான். "நான் ஆடுவேன்" என்றான்.

"ரூடி, இந்தக் கையோடயா?" என்றாள் மனைவி.

"இன்னொரு கை இருக்கே. காலும் ரெண்டு இருக்கு." பிறகு என்னைக் காட்டினான். "இவனையும் பஸ்ல ஏத்துங்க. இங்கே விட்டா அடிச்சே கொன்னுடுவாங்க. ஐஸ் பிடிச்சுக்கிட்டு வரட்டும்."

ஐஸ் பிடித்தேன். வழி முழுக்க, ரூடியின் கை என் மடியில், ஐஸ் அதன் மேல். பஸ்ஸில் மற்ற எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லையில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், நனைந்து சொட்டும் என் பேண்ட்டைப் பார்த்தார், இது யார் என்று கேட்டார். "எங்க கஷ்டகாலம்" என்றார் ஓட்டோ. அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். ஐஸ் கரைந்த இடத்திலெல்லாம் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி ஓடி, மீன்கடையில் கெஞ்சி, மதுக்கடையில் கெஞ்சி, வாளி வாளியாகக் கொண்டுவந்தேன். விரல் மரத்துப்போனது. வலது கை மரத்தால் இடது கை. இந்தக் கை ஆடியே தீரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டத்தின்போது கோலுக்குப் பின்னால் ஐஸ் வாளியோடு நின்றேன். ரூடியின் கட்டுப்போட்ட கையை எதிரிகள் கண்டுகொண்டார்கள். எல்லாப் பந்தும் வலது பக்கமே வந்தது. ரூடி மார்பால் தடுத்தான், முழங்காலால் தடுத்தான், ஒன்றை மூக்கால் தடுத்தான். இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் ஒருவன் எப்படியோ ஒரு கோல் போட்டான். அதன்பிறகு எதிரிகள் பந்தை எங்கள் பக்கமே வைத்துக் குடைந்தார்கள். கடைசியில் ஒரு பந்து, வலது மூலையைப் பார்த்து, குண்டு மாதிரி வந்தது. காலுக்கு எட்டாது. ரூடி பாய்ந்து அந்த வலது கையையே நீட்டினான். பந்து வெளியே போனது. அவன் அலறிய சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. நான் வாளியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

ஜெயித்துவிட்டோம்! திரும்பும் வழியில் ஓட்டோ என் முதுகில் ஒன்று வைத்தார். "பூசணிக்காய் நல்லாத்தான் வேலை செய்யுது. இறுதிப் போட்டிக்கும் ஒண்ணு கொண்டுவா."

"பூசணிக்காய் வந்தா நான் வரமாட்டேன்" என்றான் ரூடி.

இறுதிப் போட்டிக்குக் கிளம்பிய அன்று ரூடி முதல் ஆளாகப் பஸ் ஏறிக் கதவை மூடிக்கொண்டான். எலுமிச்சம்பழங்களை ஓட்டோவே வைத்தார். பஸ் கிளம்பும்வரை என் இரண்டு தோளையும் பட்டறைக்காரர்கள் இருவர் அன்போடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பை வந்தது. ஊர்வலத்தில் ரூடி என்னைக் கூப்பிட்டு அதைத் தொடச் சொன்னான். கையில் தரவில்லை. ஒரு விரலால் தொட்டேன்.

நான் அந்த ஊரிலேயே தங்கிவிட்டேன். பல வருஷம் கழித்து பிராங்பேர்ட்டில் ஒரு மண்டபத்தில் என் மகள் கல்யாணம். ரூடி நரைத்த தலையோடு மனைவி சகிதம் வந்து வாசலில் நின்றான். மணமக்கள் காரிலிருந்து இறங்கினார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த என் மச்சான் திருஷ்டி கழிக்க ஒரு பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாப்ள, நீங்களே உடைங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். ரூடியைக் காணோம்.

எதிர்ச் சாரியில், டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால், கோட்டு சூட்டோடு நின்றுகொண்டிருந்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தான். பக்கத்தில் சிவா அண்ணையும் நின்றார்.

"நீர் உடையும் தம்பி, உடையும்!" என்று அண்ணை அங்கிருந்தே கத்தினார். "உடைச்சு முடிஞ்சாப் பிறகு நாங்கள் வாறம்!"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் ஒரு முட்டைக்கோசைக் கையில் எடுத்தால் போதும். பேரப்பிள்ளைகள் முதல் என் சம்சாரம் வரை அத்தனை பேரும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள்.