அக்காவின் அண்டாவுக்குக் குழாய் வைத்தேன்

இன்னொருவரைக் காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்புகிறவனிடமிருந்து முதலில் வீட்டுப் பாத்திரங்களைப் பிடுங்கி வைக்க வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன். என் அக்கா புருஷனை நான் காப்பாற்றிய அழகில் அவர் ஏறக்குறையச் செத்தே போனார்.

அறுபதுகளின் கடைசி. மதுவிலக்கு இருந்தது, சாராயமும் இருந்தது. அண்ணனூரில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், முள்ளுக்காட்டுக்குள், வார்னிஷ் கலந்த சரக்கு லாரி டியூபில் வந்து இறங்கும். விறகு டிப்போவில் கட்டை சுமந்த கோதண்டம் மாமா வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போவார். அந்த வருடம் எங்கள் தெருவில் வெள்ளையடிக்கிற ஒருவர் அதைக் குடித்து, ஒரே நாளில் இரண்டு கண்ணும் போய், சுவரைத் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தார். அவர் வெள்ளையடித்த சுவர்தான்.

அன்றிலிருந்து என் அக்கா தனம், மாமா வாசலில் நுழைந்ததும் அவர் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டி "எத்தினி?" என்று கேட்பாள். அவர் "மூணு" என்பார். சரியாகச் சொன்னால்தான் சோறு போடுவாள்.

நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில், பித்தளைக் குழாய்களைச் சக்கரத்தில் கொடுத்துப் பாலிஷ் போடும் வேலை. வயது இருபத்திரண்டு. உலகத்தில் பளபளக்காத பொருள் எதுவும் எனக்குப் பொறுக்காது. (கவிதையும் எழுதுவேன். அந்தச் சேதாரம் தனி.)

பழைய பேப்பர் கடையில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. வீட்டிலேயே தானியத்திலிருந்து பீர் காய்ச்சுவது எப்படி என்று படத்தோடு போட்டிருந்தது. பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. மீதியை நான் படித்தேன். மாமாவைக் குடிக்காதே என்றால் கேட்க மாட்டார். கண் போகாத நல்ல சரக்கை வீட்டிலேயே கொடுத்தால் கேட்பார். ஒரு தேசத் தலைவனின் கம்பீரத்தோடு இதை அக்காவிடம் சொன்னேன்.

 அவள் பரணிலிருந்து தன் சீர் அண்டாவை இறக்கினாள். பித்தளை. கழுத்தில் அவள் பெயர் வெட்டியிருந்தது.

"போலீஸு வந்தா நான் பாத்துக்கிறேன். அந்தாளு கண்ணு போவாம இருந்தா போதும்டா" என்றாள்.

மாமாவும் சம்மதித்தார். வீட்டில் கிடைக்கும்வரை முள்ளுக்காட்டுப் பக்கம் போவதில்லை என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

முதலில் மளிகைக் கடைப் பார்லியை முளைகட்டினேன். தோல் உரித்த பார்லி முளைக்காது என்பது நான்காம் நாள் நாற்றத்தில்தான் தெரிந்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கேழ்வரகைக் காட்டினாள். கேழ்வரகு, ஈரச் சாக்குக்குள் கிடந்து, ஒரே இரவில் ஆயிரம் வெள்ளை வால்களோடு எழுந்தது. அதைக் காயவைத்து, வறுத்து, நொய்யாக உடைத்தேன்.

கொல்லையில் செங்கல்லை மூன்று படியாக அடுக்கினேன். மேல்படியில் வெந்நீர் பாய்லர். நடுப்படியில் அண்டா. கீழ்ப்படியில் கஞ்சித் தவலை. அண்டாவின் அடியில் இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து, மேலே இட்லித் துணி விரித்தால் வடிகட்டி தயார். சாறு இறங்கத்தான் வழியில்லை. எனவே அண்டாவைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அக்காவின் பெயருக்கு நேர் கீழே, அடியில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்துப் பற்றவைத்தேன். அப்படியே பாலிஷும் போட்டேன். வெளியே பொன். உள்ளே மட்டும் மங்கலான வெள்ளைப் பூச்சாக எதுவோ படிந்திருந்தது. எட்டு வருட அழுக்கு என்று நினைத்து, சாப்பாட்டு நேரம் முழுவதும் நின்று, எமரித்தாள் போட்டுத் துப்புரவாகச் சுரண்டி எடுத்தேன்.

ஓட்டையைப் பார்த்த அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும்.

வெந்நீர் இறங்கியது, கேழ்வரகு ஊறியது. சூட்டை விரல்விட்டுப் பார்த்தேன். இனிப்பான பழுப்புச் சாறு குழாயில் இறங்கியபோது கொல்லையே வெல்லப்பாகுபோல மணத்தது. அதைக் காய்ச்சி, ஆறவைத்து, பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட்டைக் கலந்தேன். புளிக்கவைக்க மண்பானை போதும் என்றாள் அக்கா. மண் அழுக்கு என்றேன் நான். என் பொன்னிற அண்டாவிலேயே ஊற்றி வாயைக் கட்டினேன். ஏழு நாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்தபோது லேசான பச்சைச் சாயல். வெளிநாட்டுச் சரக்கின் நிறம் அப்படித்தான் இருக்கும் என்று மாமாவிடம் விளக்கினேன். அவர் இரண்டு சொம்பு குடித்தார்.

"புளிப்பா கீதுடா மச்சான். ஆனா மரியாதையா கீது" என்றார்.

அரைமணியில் சுருண்டு விழுந்தார். பச்சையும் நீலமுமாக வாந்தி. கடைக்குப் போயிருந்த அக்காவுக்கு அண்டாவைத் திறந்தது தெரியாது; ஓடிவந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. சத்தியத்தை மீறி அவர் முள்ளுக்காட்டுக்குப் போய்விட்டார் என்றே முடிவுகட்டினாள். அவர் நெஞ்சில் குத்தினாள். தெருவே கூடிவிட்டது. நான் மூலையில் நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால்மணி நேரம். என் வாழ்நாளில் நான் எழுதிய எல்லா வரிகளையும்விட நீளமான மௌனம் அது.

ரிக்ஷாவில் ஆவடி ஆஸ்பத்திரி. என்ன குடித்தாய் என்று டாக்டர் கேட்டார். மாமா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு "பழைய சோறுங்க" என்றார். சாகக் கிடந்தபோதும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன்.

மாமாவின் வயிற்றுக்குள் குழாய் விட்டுக் கழுவினார்கள். பக்கத்தில் நின்ற ஆயாதான் என்னிடம் கேட்டாள்: "பித்தளையா? உள்ளாற ஈயம் கீதா?"

அழுக்காக இருந்ததைச் சுரண்டிவிட்டேன் என்றேன்.

"அதான் ஈயம். அது இல்லாம புளிச்சது ஊத்தினா களிம்பு ஏறி வெசமாயிடும். மோர் சாதம்கூட வெக்கமாட்டோமே, நைனா."

அக்கா என்னை அடிக்கவில்லை. மாமா கண் திறந்ததும் விரல்களை நீட்டினாள். "எத்தினி?" அவர் நெடுநேரம் பார்த்தார். "நாலு." சரிதான். அப்போதுதான் அவள் அழுதாள்.

பிறகு மாமா குடிக்கவே இல்லை. வாசனை பட்டாலே வயிறு புரளும். "வார்னிஷ்காரன் பத்து வருசமா முடிக்காததை நீ ஒரு மதியத்துல முடிச்சிட்டியேடா" என்பார். திட்டா பாராட்டா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அண்டாவுக்கு மறுபடி ஈயம் பூசினார்கள். குழாய் அப்படியே இருக்கிறது. எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் மோர் அதில்தான். நான் பக்கத்தில் போனாலே யாராவது உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

போன ஆவணியில் மாமா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க அந்த அண்டாவை நான்தான் தூக்கி வந்தேன். அழுதுகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கி, அண்டாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஈயம் கீதா பாத்தியாடா?"

முதலில் யாரும் சிரிக்கவில்லை. நான் குனிந்து, உள்ளே பார்த்து, இருக்கிறது என்றேன்.